ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பூத்த ரோசா

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குக் கடிவாளம் கிடையாது. முப்பத்தியொரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த ஒருத்திக்கு அளந்து பேசத் தெரியாது என்றால் வெட்கக்கேடுதான். ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று, குடும்பத்தில் பத்துப் பேர் சுற்றியிருந்து சோறு தின்றுகொண்டிருந்த நேரத்தில், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற ஒரு வருடம் மணலோடு மல்லுக்கட்டினேன்.

அது என்ன வார்த்தை என்று சொல்ல முன் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று இந்தக் கரையில் உள்ள எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். என் உம்மாவும் தன் வீட்டை எனக்குத் தந்துவிட்டு, குசினிக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார். பத்தொன்பது வருடம் அந்த அறையில் இருந்தார். தான் கல்லடுக்கிக் கட்டிய வீட்டில், குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முன் என்னைக் கேட்பார். "புள்ள, கொஞ்சம் தண்ணி எடுக்கட்டா?" என்பார். எனக்கு எரிச்சல் வரும். இது உங்கட வீடுதானே உம்மா, என்னத்துக்குக் கேக்கிறீங்க என்று சத்தம் போடுவேன். சரி சரி என்று சிரித்துவிட்டு, அடுத்த நாளும் கேட்பார்.

உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. அன்றைக்கே மனதில் முடிவு எடுத்துவிட்டேன். எனக்கு ஒரே மகள். வீட்டை அவளுக்குச் சந்தோசமாகக் கொடுப்பேன். ஆனால் அந்தப் பின்னறையில் மட்டும் இருக்க மாட்டேன்.

மகளின் கலியாணம் முடிந்த ஒரு கிழமையில் நாங்கள் இருவரும் சட்டிமுட்டியோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டோம். என் கணவருக்குத் தாய்வழியில் வந்த சிறிய வளவு ஒன்று அங்கே இருந்தது. இரண்டு அறையும் ஒரு குசினியுமாக அதில் ஒரு சின்ன வீடு கட்டியிருந்தோம். பக்கத்து வளவில் கணவரின் அக்கா, என் மதினி. எங்கள் வேலிக்கு முன்னால் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை. கால் வைத்தால் கணுக்கால் வரைக்கும் புதைகிற மணல். கிணற்றுத் தண்ணீரில் தேயிலை ஊற்றினால் உப்புக் கரிக்கும். மதினி வளவில் தென்னை மட்டும் செழித்து நின்றது. எங்கள் வளவில் அதுகூட இல்லை.

எனக்கு அந்த வீடு சொர்க்கம். கணவருக்கு அப்படியில்லை. பழைய வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலும், அங்கே அஸர் தொழுகைக்குப் பிறகு கூடிக் கதைக்கும் கூட்டாளிமாரும் அவருக்கு மூச்சு மாதிரி. முழங்கால் வருத்தம் வேறு. மகளும் சும்மா இருக்கவில்லை. பின்னறைக்குப் புதுப் பெயின்ற் அடித்து, பக்கத்திலேயே மாபிள் பதித்த குளியலறை ஒன்றும் கட்டி வைத்துவிட்டாள். வாருங்கள், வாருங்கள் என்று ஒரே பிடி.

மகளின் வீட்டில் நடந்த அந்தப் பெருநாள் சாப்பாட்டில் பேச்சு பின்னறைக்குத்தான் போனது. மகள் குளியலறையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, கணவர் இறைச்சியை மென்றபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது மதினி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"மச்சி, எங்கட மணல் தென்னைக்குச் சரி. ரோசாவுக்குச் சரிவராது. நீங்க ரோசா மாதிரி, பேசாம இஞ்சயே வந்துருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பகிடிதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. சோற்றுக் கையை உதறிக்கொண்டு சொன்னேன்:

"அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளண்டு என்ட வாசல்ல ரோசா பூத்து நிக்கும். பூக்காட்டி, நானே சட்டிமுட்டியத் தூக்கிட்டு வந்து இந்தப் பின்னறையில இருப்பன்."

சிரித்தவர்கள் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். கணவர் மட்டும் மெதுவாகக் கேட்டார். "சொல்லு மாற மாட்டியே புள்ள?"

மாற மாட்டேன் என்றேன். அவர் முகத்தில் ஏற்கனவே மாபிள் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ரோசாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மகளுக்குக் கொடுத்த வீட்டு வாசலில் செவ்வரத்தையும் குரோட்டனும் வைத்தவள் நான். ஆனாலும் கணக்கு ரீச்சர் அல்லவா, தெரியாததை x என்று வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமைகளில் கல்முனைப் பெரிய ரோட்டோரம் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன லொறி வந்து நிற்கும். லொறி நிறையப் பூக்கன்று. போய் நின்றதும் என் கண் பூக்களுக்கு மேலே போனதே தவிர கீழே போகவில்லை. கறுப்போ என்று நினைக்க வைக்கும் கடும் சிவப்பில் இரண்டு, ஓரம் செம்மஞ்சளான மஞ்சளில் இரண்டு, வெள்ளையில் ஒன்று என்று ஐந்தை வாங்கினேன். ஒவ்வொரு பூவும் என் கைப்பிடி அளவு. மலைக்குளிரில் வளர்ந்த கன்று இந்த வெயிலில் என்ன பாடுபடும், ஒட்டுப்போட்ட இடம் எப்படி இருக்கிறது, தண்டு எவ்வளவு தடிப்பு, ஒன்றையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போய் சட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதைதான்.

அடுத்த நாள் பாலமுனையில் ஒரு மையித்து வீடு. அடக்கத்துக்கு முன் நான் கட்டாயம் போக வேண்டியிருந்தது. கணவரிடம், ஐந்து குழி வெட்டி வையுங்கள், வந்து நட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அஸருக்குப் பிறகு வந்து பார்த்தால் வேலிக்கரையில் நூல் பிடித்த மாதிரி ஐந்து குழி. கீழே போடவேண்டியதெல்லாம் போட்டு, மேலே மண்ணும் நிரப்பியாயிற்று என்றார். முழங்கால் வருத்தத்தோடு மனிதன் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று நெஞ்சு குளிர்ந்தது. எருதான் போட்டிருப்பார் என்று நினைத்து, கேட்காமலே நட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் இலையின் ஓரம் கருகத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிறகு இலை உதிர்ந்தது. பிறகு தண்டு கறுத்தது. காலையில் எழும்பி வாசலுக்குப் போக மனமில்லாத அளவுக்கு வந்துவிட்டது. மதினி ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கன்று எப்படி என்று விசாரிப்பார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். மாரி மேகம் கூடுகிற காலத்தில் ஐந்தும் விறகாகிவிட்டன.

செத்ததைத் தோண்டி எறிவோம் என்று மண்வெட்டியைப் போட்டேன். முதல் குழியின் அடியில் தேங்காய் மட்டை அடுக்கியிருந்தது. மட்டைக்கு மேலே வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஏதோ. எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கல்லுப்பு. இரண்டாவது குழியிலும் அதே. ஐந்திலும் அதே.

எங்கள் கரையில் தென்னம்பிள்ளை வைப்பவர்கள் குழியில் மட்டை பரப்பி உப்புப் போடுவது வழக்கம். தென்னைக்கு அது நல்லது. ரோசாவுக்கு அது நஞ்சு. இது இவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் கண் இருண்டது. முற்றத்தில் நின்றே கத்தினேன். அந்த மாபிள் குளியலறைக்காக ஐந்து உயிரைக் கொல்லத் துணிந்தீர்களே, என் உம்மா இருந்த அறைக்குள் என்னைத் தள்ளத்தானே இந்த வேலை என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாத இரண்டொன்றையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த தஸ்பீகு மணியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தென்னம்புள்ளைக்கு வெக்கிற மாதிரித்தான் வெச்ச நான். நல்லா வரட்டும் எண்டுதான்."

நான் நம்பவில்லை. இருபது நாள் அவரோடு கதைக்கவில்லை. சோற்றை வைத்து மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அவரும் தின்றுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார். அந்த மௌனத்தில் ஒருநாள் நானே அறைகளை எட்டிப் பார்த்து, எதை எதை மூட்டை கட்ட வேண்டும் என்று எண்ணத் தொடங்கியதும் உண்டு. அன்றைக்கு நன்றாக அழுதேன்.

உண்மை மதினியின் வாயிலிருந்துதான் வந்தது. ஒருநாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் தென்னோலை கிழித்துக்கொண்டு, செத்துப்போன கன்றுகளைப் பற்றித் துக்கம் விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, தம்பி குழி வெட்டிய அன்று தன்னிடம் வந்து உப்புக் கேட்டதாகவும், ரோசாவுக்கு எத்தனை சிரட்டை போட வேண்டும் என்று விசாரித்ததாகவும், தென்னைக்கு இரண்டு என்றால் ரோசா சின்ன மரம்தானே ஒன்று போதும் என்று தானே அளந்து கொடுத்ததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, "ஒண்டு போதாமப் போச்சோ மச்சி?" என்று கவலையோடு கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதன் வெல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் சும்மா இருந்தாலே போதும். லொறியில் வந்த அந்தப் பூக்கள் தாமாகவே செத்திருக்கும். தான் தோற்பதற்காக, நோகிற முழங்காலோடு அக்காவிடம் போய் உப்பு வாங்கியிருக்கிறார். உள்ளே போய்த் தேயிலை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். உங்களுடைய அக்காவும் நீங்களும் சேர்ந்து என்னைக் கொன்றுவிட்டீர்கள் என்று சொன்னேன். இருபது நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். பெருநாளுக்கு ஏழு மாதம் சொச்சம் இருந்தது. கன்று ஒன்றும் இல்லை.

இந்த முறை லொறிப் பக்கம் போகவில்லை. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ரீச்சர் ஒருவர் வீரமுனையில் இருக்கிறார். அவர் வீட்டு வேலி நீளத்துக்கும் ஒரு ரோசா நிற்கும். மெல்லிய றோஸ் நிறம், உள்ளங்கைக்குள் அடங்குகிற பூ. காலையில் விரிந்தால் பின்னேரம் இதழ் சிந்திவிடும். வாசனை மட்டும் ஒழுங்கை முடக்கு வரைக்கும் வரும். விடியற்காலையில் கோயிலுக்கு ஒரு கூடை பறித்துக் கொடுப்பார். எத்தனையோ வருடம் அந்த வேலியைக் கடந்து போய்த் தேயிலை குடித்திருக்கிறேன், அதை ஒரு பூவாகவே நான் மதித்ததில்லை. மாடு உரசும், வெள்ளம் ஏறும், வெயிலில் நிலம் வெடிக்கும். அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டு நிற்கும். தேடிப் போனபோதுதான் என் மரமண்டைக்கு இது ஏறியது.

ரீச்சரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். உப்புக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார்.

"பூவைப் பாத்து வாங்கினா பூ மட்டும்தான் ரீச்சர் மிஞ்சும்," என்றார். "ஆர் வெட்டினாலும் திரும்பத் தழைக்கிற தடி எது எண்டு பாருங்க."

பூத்து முடிந்த கொப்புகளிலிருந்து, பென்சில் தடிப்பில், கணுவுக்குக் கீழே சரிவாகப் பன்னிரண்டு தடி வெட்டினார். நனைத்த பத்திரிகையில் சுற்றி, அதற்கு மேல் வாழை இலையும் சுற்றித் தந்தார். பக்கத்துச் சம்மாந்துறையிலிருந்து பஸ்ஸில் வரும்போது கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண், உள்ளே இருப்பது மீனா என்று கேட்டாள்.

கற்றாழைச் சாறில் முனையைத் தோய்த்து, கழுவின மணலும் தேங்காய்த் தும்புத் தூளும் கலந்து, பன்னிரண்டையும் ஊன்றினேன். தண்ணீர்ப் போத்தல்களை அடியில் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தொப்பி மாதிரிக் கவிழ்த்தேன். மாரியும் தொடங்கிவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு போத்தலைத் தூக்கிப் பார்த்தால் ஐந்து கறுத்துப் போயிருந்தது. ஏழு தளிர் விட்டிருந்தது. ஏழு போதும்.

குழியைத் தோண்டும் வேலையை இந்த முறை நான் யாரிடமும் விடவில்லை. மணலை இடுப்பளவு அள்ளி எறிந்தேன். உப்பு ஊறிய பழைய மண் ஒரு பிடிகூட மிஞ்ச விடவில்லை. மணலுக்குள் நல்ல மண் போட்டால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அதனால் பழைய உரப்பைகளில் ஓட்டை போட்டுக் குழிக்குள் விரித்தேன். நிரப்புவதற்குக் களிமண் வேண்டும், அதற்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் சத்தம் கேட்டது. என் கணவர் அதன் இழுவைப் பெட்டிக்கு மேலே குந்திக்கொண்டு வருகிறார், பெட்டி நிறைய சாகாமத்து வயல் மண். காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறார். தோற்கப் போகிறீர்கள், விளங்குகிறதா என்று கேட்டேன். விளங்குது, முதலில் இதை இறக்கு என்றார்.

வயல் மண், பழைய மாட்டெரு, ஆலையில் எரித்த உமி. மூன்றையும் கலந்து நிரப்பி ஏழையும் நட்டோம். மாரி இருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர் பங்குனி வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு என்ன செய்வது? கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாய்த் தண்ணீர் ஒருநாள் வந்தால் ஒருநாள் வராது. மகளின் வீட்டில் ஏசி சொட்டுகிற தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதில் உப்பு இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மகள் என் தோல்விக்காகக் காத்துக்கொண்டிருப்பவள். தண்ணீரைத் தருவாளா என்று நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் மருமகன் மோட்டார் சைக்கிளில் இரண்டு கலன் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். அன்று தொடங்கி ஒருநாளும் அது பிந்தவில்லை. மகள் என்ன சொல்லி அனுப்பினாள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை மாமி, கலன் நிறைந்ததும் கூப்பிட்டாள் என்றார்.

இடையில் மொட்டு வந்தது. வந்த ஒவ்வொரு மொட்டையும் நான் கிள்ளி எறிந்தேன். மரம் முதலில் வேர் பிடிக்கட்டும், பூவுக்கு அவசரமில்லை. மதினிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அல்லாஹ் தந்த மொட்டைக் கிள்ளுகிறாளே, இவளுக்கு மூளை பிசகிவிட்டதா என்று தம்பியிடம் கேட்டாராம். ஆகவே நோன்புப் பெருநாள் முடியும் வரைக்கும் என் மரத்தில் ஒரு பூவைக்கூட யாரும் கண்டதில்லை. நானும் கண்டதில்லை.

இனித்தான் கணக்கு. வீரமுனை ரீச்சருக்குப் போன் எடுத்தேன். கோயில் திருவிழாவுக்கு நிறையப் பூ வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாற்பத்தைந்து நாளைக்கு முன் மரத்தை வெட்டி விடுவோம், சரியாக அந்தக் கிழமையில் பூத்துக் கொட்டும் என்றார். நோன்புப் பெருநாளிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, இரண்டு பிறையும் எப்படி விழுந்தாலும், அறுபத்தேழு நாளுக்குக் குறையாது, அறுபத்தொன்பதைத் தாண்டாது. நடுவில் அறுபத்தெட்டு. அதில் நாற்பத்தைந்து போனால் இருபத்து மூன்று. நோன்புப் பெருநாள் கழிந்து இருபத்து மூன்றாம் நாள் காலையில் கத்திரியை எடுத்தேன்.

ஏழு மரமும் இடுப்பளவுக்குப் பச்சைப் பசேலென்று நின்றன. வெட்டத் தொடங்கினேன். மெல்லிய கொப்பு, உள்ளே வளைந்த கொப்பு, கணுவுக்கு மேலே ஒரு விரல் கடை விட்டு எல்லாம். முடிக்கும்போது முழங்கால் உயரத்தில் ஏழு முள்ளுக் கட்டைதான் மிஞ்சியது. கணவர் வாசலில் நின்று பார்த்தார். கோபத்தில் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டேன், தோல்வியை ஒப்புக்கொண்டேன் என்று நினைத்தாராம். "புள்ள, நீ கவலப்படாத, பின்னறை நல்ல அறைதான்," என்றார். நான் கத்திரியை அவரை நோக்கி நீட்டினேன். உள்ளே போய்விட்டார்.

வெளியில்தான் வீராப்பு. இரவிலும் எழும்பிப் போய்க் கணுவைத் தடவிப் பார்த்தேன். தளிர் வர எட்டு நாள் ஆனது. எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு சிவந்த சின்னச் சின்னத் தளிர், கணுவுக்குக் கணு. அதைக் கண்ட அன்று நன்றி சொல்லி இரண்டு ரக்அத் சுக்ருத் தொழுதேன். ஆனால் இருபதாம் நாள் கச்சான் காற்று எழும்பியது. எங்கள் பக்கத்தில் கச்சான் எழும்பினால் துவைத்த துணி பத்து நிமிடத்தில் பப்படமாகும். கடல் காற்றுக்குப் பயந்து நான் கிழக்கே ஓலைக் கிடுகு கட்டியிருந்தேன். கச்சான் மேற்கிலிருந்து அல்லவா வரும்! ஒரே பகலில் ஓரத்து இரண்டு மரத்தின் தளிரும் சுருண்டுவிட்டது. நான் தலையில் கைவைத்துக் குந்திவிட்டேன். லுஹர் தொழப் போன கணவர் திரும்பி வரும்போது, கூடவே பள்ளிவாசல் கூட்டாளிமார் மூன்று பேர், ஆளுக்கு ஒரு கட்டுக் கிடுகு. எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். மேற்குப் பக்கம் முழுக்க ஒரு மணித்தியாலத்தில் அடைத்துக் கட்டிவிட்டார்கள். நாள் ஒன்றுக்கு இரண்டு முறை இலையில் தண்ணீர் தெளிக்கும் வேலையை மதினி தானாகவே எடுத்துக்கொண்டார். என் தோல்விக்குக் காத்திருந்த ஆட்கள் எல்லாரும் என் தோட்டத்துக்குள்தான் நின்றார்கள்.

சுருண்ட இரண்டும் மீண்டும் எழும்பவில்லை. மற்ற ஐந்தும் மொட்டு வைத்தன.

பெருநாளன்று சுபஹுத் தொழுதுவிட்டு வாசலைத் திறந்தேன். கதவைத் திறக்க முன்னரே வாசனை வந்துவிட்டது. வெளிச்சம் வரும் வரைக்கும் படியிலேயே நின்றேன். பிறகு ஒவ்வொரு மரமாகப் போய் எண்ணினேன். நாற்பத்தியொரு பூ. பிழைவிட்டிருப்பேனோ என்று திரும்ப எண்ணினேன். நாற்பத்தியொன்றுதான். பனி ஒட்டிக்கொண்டு, றோஸ் நிறத்தில், மணலுக்கு மேலே, என் வாசலில். வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக நின்று சிரிக்கிற கிழவியை ஒழுங்கையில் போனவர் யாராவது கண்டிருந்தால் பயந்திருப்பார்.

எங்கள் ஊரில் பெருநாள் தொழுகை கடற்கரை மணலில். ஊரே என் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். தக்பீர் சொல்லிக்கொண்டு, புது உடுப்போடு, அத்தர் மணக்க மணக்கச் சனம் வந்தது. வந்த சனம் என் வேலியில் நின்றது. பெண்கள் எட்டி மணந்து பார்த்தார்கள். போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஒரு மனிதர், பிளாஸ்ரிக் பூவா என்று கேட்டார். முள்ளைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். தொட்டுவிட்டுக் கையை உதறினார். எனக்கு அன்று கிடைத்த பெருநாள் காசு அந்த உதறல்தான். கணவர் வேலிக்கு வெளியே நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மண் எங்கிருந்து கொண்டுவந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தார். தொழுகைக்குப் பிந்தப் போகிறார் என்று நான்தான் துரத்தினேன். மதினி வந்து, நேரே கையை நீட்டி, எனக்கும் இரண்டு தடி வேண்டும் மச்சி என்றார். உப்புப் போட மாட்டேன் என்று முதலில் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

தொழுகை முடிந்து மகள் வந்தாள். கையில் வட்டிலப்பக் கிண்ணம். வேலிக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வீட்டுத் தண்ணீரில் வளர்ந்த மரம்தான், ஆனாலும் வெட்டியதற்குப் பிறகு அவள் வந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு மரமாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க வரவே மாட்டீங்க, என்ன உம்மா?"

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. நான் வென்ற நாள் அது, ஊரே பார்க்க வென்ற நாள். மாட்டேன் மகள் என்று மட்டும் சொன்னேன். கிண்ணத்தைத் தந்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். படலை வரைக்கும் அவள் பின்னால் போனேன். ஆனாலும் வரமாட்டேன் என்பது வரமாட்டேன்தான். அதில் நான் ஒரு இம்மியும் அசையவில்லை.

நான்கு நாள் கழித்து ஒரு காலையில் வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. மகள். தனியாக. தோளில் உடுப்புப் பை. மருமகனோடு சண்டையா என்று கேட்டேன். இல்லை என்றாள். வருத்தமா என்று கேட்டேன். இல்லை. பையை வைத்துவிட்டு, குசினிக்குள் போய், யாரையும் கேட்காமல் பானையைத் திறந்து பார்த்து, இருந்த பழஞ்சோற்றைக் கோப்பையில் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்திக்கொண்டாள். இரண்டு வாய் தின்ற பிறகுதான் சொன்னாள்.

"ரெண்டு நாளைக்கு உம்மாட வீட்ட போறன் எண்டு அவருக்கிட்டச் சொல்லிட்டு வந்த நான்."

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அகப்பை கையில் இருந்தது. எனக்குப் போவதற்கு உம்மா வீடு என்று ஒன்று இருந்ததில்லை, என் உம்மாவுக்கும் இருந்ததில்லை, அவரின் உம்மாவுக்கும் இருந்ததில்லை. உம்மாவின் வீட்டையே எங்களுக்குத் தந்துவிட்டு, போய் இறங்க ஒரு வீடில்லாமல் செய்துவிடுகிற வழக்கத்தில் பிறந்தவர்கள் நாங்கள். எங்கள் குடும்பத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு பையோடு வாசலில் இறங்கிய முதல் பெண் என் மகள்.